ஆற்றங்கரை மருத்துவமனை: ஒரு நூலும் நம் பிரசங்கங்களும்

மறைபணி மருத்துவர்களின் வாழ்க்கை வரலாறுகள் நம் இறையியற் கல்லூரி நூலகங்களில் ஒரு முழு அடுக்கை நிரப்பி நிற்கின்றன. மாணவர் அவற்றை எடுத்துப் புரட்டுவது பெரும்பாலும் பிரசங்கத்திற்கு உவமை தேடும் சனிக்கிழமை மாலைகளில்தான். அவ்வாறு பலமுறை எடுக்கப்பட்டும் முழுமையாகப் படிக்கப்படாத நூல்களுள் ஒன்று, டாக்டர் கேதரின் ஹேம்லின் அம்மையார் ஜான் லிட்டில் என்னும் எழுத்தாளரின் துணையுடன் எழுதி 2001ஆம் ஆண்டில் வெளியிட்ட 'தி ஹாஸ்பிட்டல் பை த ரிவர்' என்பதாகும். அம்மையார் 2020 மார்ச் 18 அன்று, தமது 96ஆம் வயதில், எத்தியோப்பியத் தலைநகரான அடிஸ் அபாபாவில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அவர் செய்த பணியின் பெருமையை ஐயுறுவார் எவருமில்லை, நாமும் அல்லோம். ஆயினும் ஒரு பணி பெரிது என்பதனால் அதைச் சொல்லும் முறை ஆய்வுக்கு அப்பாற்பட்டது ஆகிவிடாது. நூலையும், நூலை நம்மவர் எடுத்தாளும் விதத்தையும் ஒருங்கே வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் நோயைப் பற்றிச் சில சொற்கள். இதை மேடையில் பேசுவோர் பலர் நாணம் காரணமாகச் சுற்றிவளைத்துப் பேசி, கேட்போர் எதையும் விளங்கிக்கொள்ளாதபடி செய்துவிடுகின்றனர். தாயின் இடுப்பெலும்பின் வழியே குழந்தையின் தலை இறங்க இயலாதபோது பேறு தடைப்படுகிறது. சிசேரியன் அறுவைக்கு வழியில்லாத ஊரில் வலி இரண்டு நாள், மூன்று நாள், சிலருக்கு அதற்கும் மேலாக நீடிக்கும். அவ்வளவு நேரமும் குழந்தையின் தலைக்கும் தாயின் எலும்புக்கும் இடையே சிறுநீர்ப்பையின் சுவர் நசுங்கிக் கிடக்கிறது. இரத்த ஓட்டம் நின்ற தசை மடிந்து, சில நாட்களில் கழன்று விழுகிறது. அவ்விடத்தில் ஓட்டை ஏற்பட்டுச் சிறுநீர் இடைவிடாது கசியத் தொடங்குகிறது. மலக்குடலிலும் அவ்வாறே ஓட்டை விழுவதுண்டு. இதனையே மருத்துவர் பிஸ்டுலா என்பர். பெரும்பாலான வேளைகளில் குழந்தை இறந்தே பிறக்கிறது. நரம்பு நசுங்கியதால் பாதம் தொங்கி நடக்க இயலாமற் போவோரும் உளர். பிள்ளையை இழந்து, உடல் நாறி, கணவனால் தாய்வீட்டுக்கு அனுப்பப்பட்டு, அங்கும் தனிக் குடிசையில் வைக்கப்படும் பெண்ணின் நிலை இது. புதிய நோயும் அன்று. எகிப்தில் இரண்டாம் மெந்துஹோதெப் அரசனின் அவையைச் சேர்ந்த ஹென்ஹெனித் என்னும் பெண்ணின் பதனிடப்பட்ட உடலில் இதே புண் இருந்ததை 1935இல் கண்டறிந்தனர். அவள் வாழ்ந்த காலம் கிறிஸ்துவுக்குச் சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன்பாகும்.

வரலாற்றைச் சுருங்கச் சொல்வோம். 1924இல் சிட்னியில் பிறந்த கேதரினும், நியூசிலாந்தில் 1908இல் பிறந்த அவர்தம் கணவர் ரெஜினால்டும் 1959இல் மூன்றாண்டு ஒப்பந்தத்தில் அடிஸ் அபாபாவிலுள்ள இளவரசி த்ஸெஹாய் நினைவு மருத்துவமனைக்கு வந்தனர். பேரரசர் ஹைலே செலாசியின் மகளான அவ்விளவரசி செவிலியாகப் பயின்றவர். 1942இல் கர்ப்பகாலச் சிக்கலால் இறந்தவர். அரசகுமாரிக்கே அக்கதி எனின் மலைக்கிராமத்துப் பெண்ணுக்கு என்ன கதி என்று கேட்கத் தோன்றுகிறது. தம்பதியர் அங்கு வருமுன் இப்புண்ணைக் கண்டதே இல்லை, கற்றுக்கொண்டே செய்தனர். 1975இல் பிஸ்டுலாவுக்கென்றே தனி மருத்துவமனை திறந்தனர். பேரரசர் வீழ்ந்து இராணுவ ஆட்சி ஏற்பட்ட அடுத்த ஆண்டு அது. 1993இல் ரெஜினால்ட் மறைந்தார். அம்மையார் ஊர் திரும்பவில்லை. அறுபதாண்டுக் காலத்தில் அந்நிறுவனத்தில் சிகிச்சை பெற்ற பெண்கள் 60,000க்கும் மேற்பட்டவர். எவரிடமும் கட்டணம் பெறப்படவில்லை.

இங்கு ஓர் இடையுரை. இவ்வறுவையில் ஹேம்லின் தம்பதியருக்கு முன்னோடியாக விளங்கியவருள் கெய்ரோ நகரத்து நகீப் மஹ்பூஸ் பாஷா ஒருவர், கோப்டிக் கிறிஸ்தவர். கடினமான ஒரு பேற்றை அவர் நடத்திக் காப்பாற்றிய குழந்தைக்குப் பெற்றோர் அவர் பெயரையே இட்டனர். அக்குழந்தையே பின்னர் 1988இல் இலக்கியத்திற்கான நோபல் பரிசு பெற்ற எழுத்தாளர். மேலை நாட்டவர் ஆப்பிரிக்காவிற்கு மருத்துவம் கொண்டுவந்தனர் என்றே கேட்டுப் பழகிய நம் செவிக்கு, ஆப்பிரிக்கத் திருச்சபையின் மகன் ஒருவர் இத்துறையில் ஆசானாக இருந்தார் என்பது புதிதாக இருக்கலாம். நம்மவர் பிரசங்கங்களில் அவர் இடம்பெற்று நாம் கேட்டதில்லை.

நூலின் நடை எளியது. தன் விசுவாசத்தை அம்மையார் மறைக்கவுமில்லை, அதை நோயாளிகள் மேல் சுமத்தவுமில்லை. ஆங்கிலிக்க நற்செய்தி மரபில் வளர்ந்த ஒருவர், எத்தியோப்பிய வைதீகத் திருச்சபையினரும் இஸ்லாமியருமான பெண்களிடையே வாழ்நாள் முழுவதும் பணிசெய்து, அப்பணியைத் தூண்டிலாக ஆக்காமல் இருந்தது மறைபணியியல் மாணவர் தனியே எழுதத்தக்க பொருள். ஆனால் தன்வரலாறு என்னும் வடிவத்திற்கு ஓர் இயல்பு உண்டு. சொல்பவர் நிலையாக நிற்க, மற்றவர் வந்து வந்து போகின்றனர். பெண்ணொருத்தி பல நாள் நடந்தோ சுமக்கப்பட்டோ வந்து சேர்கிறாள், அறுவை நடக்கிறது, புத்தாடையும் பேருந்துக் கட்டணமும் பெற்று ஊர் திரும்புகிறாள். ரெஜினால்ட் இப்பெண்களைப் பயணிகள் என்றே அழைத்தார்; திருத்தலம் நோக்கி வரும் யாத்திரிகர் என்னும் பொருளில். அருமையான சொல்தான். எனினும் யாத்திரிகர் திருத்தலத்தில் இருக்கும் பொழுது மட்டுமே நமக்குத் தெரிகின்றனர். ஊர் திரும்பியபின் அவளுக்கு நேர்ந்தது என்ன? கணவன் வேறொருத்தியை மணந்திருந்தால் அவள் எங்குச் சென்றாள்? மீண்டும் கருவுற்றபோது அவளைச் சிசேரியனுக்கு அழைத்துச் செல்ல வண்டி கிடைத்ததா? வாசகர் கேட்க விரும்பும் இக்கேள்விகளுக்கு நூலின் வடிவம் அதிக இடம் தருவதில்லை.

அந்தப் புத்தாடையை நம் பிரசங்கிமார் விட்டுவிடுவார்களா? இளைய குமாரனுக்குத் தகப்பன் உடுத்திய உயர்ந்த வஸ்திரத்தோடு அதை இணைத்துப் பேசுவது எளிது. இணைப்பில் தவறில்லை. ஆனால் இளைய குமாரன் செய்த குற்றம் ஒன்று உண்டு. அவன் மனந்திரும்பி வந்தான். இப்பெண் எதிலிருந்து மனந்திரும்பவேண்டும்? ஊரார் அவள் நோயைச் சாபம் என்று சொல்ல, நாம் அவள் நலத்தை மீட்பு என்று சொல்லும்போது, இரண்டிற்கும் நடுவே அவள் பாவி என்னும் எண்ணம் ஓசையின்றி நுழைந்துவிடுகிறது. நோயின் காரணம் இடுப்பெலும்பும், தூரமும், சிசேரியன் இன்மையும் ஆகும். இளவயது மணத்தை மட்டுமே காரணமாகக் காட்டுவதும் போதாது. நான்காம், ஐந்தாம் பேற்றில் இப்புண்ணை அடைந்த பெண்களும் உளர்.

இனி, நலமடையாதோர். திறமிக்க கைகளில் பத்தில் ஒன்பது ஓட்டைகள் மூடப்பட்டுவிடுகின்றன. மூடிய பின்னும் சிறுநீரை அடக்கும் ஆற்றல் திரும்பாதவர் உண்டு. சிறுநீர்ப்பையே மிகுதியாக அழிந்துவிட்டதால் வயிற்றில் வேறு வழி அமைத்துப் பையொன்றை அணிந்தே வாழவேண்டியவரும் உண்டு. இத்தகையோர் மலைக்கிராமத்திற்குத் திரும்ப இயலாது. இவர்களுக்கென நூல் வெளிவந்ததை ஒட்டிய ஆண்டுகளில் நகர்ப்புறத்தே 'டெஸ்டா மெண்டர்' உருவாயிற்று. மகிழ்ச்சிக் கிராமம் என்பது அதன் பொருள். அப்பெயரில் ஏதேனும் நகை உண்டோ என்று ஐயுறுவோர் அங்குள்ள பெண்கள் தொழில் கற்று, தம் கைப்பொருளில் வாழ முயல்வதை நினைத்துப் பார்க்கவேண்டும். நம் பிரசங்கங்களில் இக்கிராமம் ஒருபோதும் வருவதில்லை. ஏனெனில் அங்கு முடிவு இல்லை. குணமானாள் என்று சொல்லி ஆமென் கூற வழியில்லை. ஆனால் சிலுவையின் இறையியலைக் கற்பிக்கும் நம் வகுப்பறைகளுக்கு அறுவைக்கூடத்தைவிட அருகில் இருப்பது அக்கிராமம் என்பதே நம் துணிபு. குணமாக்க முடியாதவரோடு தொடர்ந்து இருத்தல் என்பதும் மருத்துவத்தின் பகுதியே என்று அம்மையார் செயலால் காட்டினார்.

மாற்கு 5ஆம் அதிகாரத்திற்கு வருவோம். பிஸ்டுலாவைப் பற்றிப் பேசுவோர் எல்லாரும் பெரும்பாடுள்ள ஸ்திரீயிடம் செல்கின்றனர். அவளுடையது உதிரப்போக்கு, இது வேறு. எனினும் ஒப்புமைக்கு நியாயம் உண்டு, பன்னிரண்டு ஆண்டு என்னும் அந்த நீளத்திற்காகவேனும். இப்பகுதியைப் போதிக்கையில் மூன்று செய்திகளை மாணவர் கவனிக்க வேண்டுகிறோம். மாற்கு தீட்டு என்னும் சொல்லை இக்கதையில் எடுக்கவே இல்லை. லேவியராகமம் 15ஆம் அதிகாரத்தைக் கொண்டுவந்து, யூதர் அவளைத் தள்ளினர், இயேசு ஏற்றார் என்று பேசுவது வசதியாக இருக்கிறது. அது யூதரைப் பழித்து நம்மைத் தப்புவிக்கும் வசதி. எத்தியோப்பியக் குடிசையில் வைக்கப்பட்ட பெண்ணை எந்தச் சட்டமும் தள்ளவில்லை, நாற்றம் தள்ளியது. நம் ஆலயங்களிலும் மாதவிலக்கு நாட்களில் நற்கருணைப் பந்திக்கு வர அஞ்சும் பெண்கள் சிலர் இன்றும் இருக்கின்றனர். அவர்களுக்கு அப்படிச் சட்டம் எதுவும் எவரும் விதிக்கவில்லை; வேண்டாம் என்று சொல்லவும் எவரும் முன்வரவில்லை.

அடுத்து, வைத்தியர். அவள் பல வைத்தியரிடம் பொருளை இழந்து மேலும் கேடடைந்தாள் என்று மாற்கு கடுமையாகவே எழுதுகிறார்; லூக்கா அக்கடுமையைத் தணித்துவிடுகிறார். மரபுப்படி லூக்கா வைத்தியராயிற்றே, தம் தொழிலைக் காத்துக்கொண்டார் என்று ஆசிரியர்கள் வகுப்பில் நகையாடுவதுண்டு. ஆனால் விசுவாசம் இருந்தால் வைத்தியம் வேண்டாம் என்று போதிக்கும் கூட்டங்கள் இப்பகுதியையே ஆதாரமாகக் கொள்கின்றன. பிஸ்டுலா பெண்கள் ஜெபித்தார்கள். புனித நீரூற்றுகளுக்கும் சென்றார்கள். ஓட்டை தையலால் மூடியது. தண்டுவடத்தில் மருந்து செலுத்தி இடுப்புக்குக் கீழ் மரத்துப்போகச் செய்து, வடுவாகிய தசையைப் பிரித்தெடுத்து, இழுவிசை இன்றித் தைத்து, அதன்பின் இரண்டு வாரம் போலச் சிறுநீர்ப்பையில் வடிகுழாய் வைத்து, அது அடைபடாதபடி செவிலியர் இரவும் பகலும் கண்காணிக்க வேண்டும். குழாய் ஒருமுறை அடைபட்டால் தையல் பிரிந்துபோகக்கூடும். இந்தக் கண்காணிப்பை ஜெபத்திற்கு எதிராக நிறுத்தும் இறையியல் எங்கிருந்து வந்ததோ அறியோம்.

மூன்றாவது, ஆண்டவர் அவளைப் பேசவைத்தார் என்பது. பின்னாகத் தொட்டுவிட்டு மறைந்துபோக விரும்பியவளை நிறுத்தி, நடந்தவற்றை அவள் வாயாலேயே சொல்லவைத்து, அதன்பின் மகளே என்று அழைத்தார். சொன்னவள் அவள். நம் மறைபணி அறிக்கைகளிலோ நோயாளியின் புகைப்படம் இருக்கும். கீழே நாம் எழுதிய வாசகம் இருக்கும். அவள் சம்மதம் கேட்கப்பட்டதா, கேட்கப்பட்டிருப்பினும் மறுக்கும் நிலையில் அவள் இருந்தாளா என்பதை நன்கொடையாளர் எண்ணுவதில்லை. இந்நூலும் இக்குறைக்கு முற்றிலும் விலக்கானதன்று. நோயாளியின் வரலாறு மருத்துவர் வாய்வழியாகவும், மருத்துவரின் வரலாறு எழுத்தாளர் கைவழியாகவும் நம்மை வந்தடைகின்றது.

இருப்பினும் நூலில் ஒருவர் உண்டு. அவர்பொருட்டே இதைப் படிக்கலாம் என்போம். மமிட்டு காஷே என்பது அவர் பெயர். எழுதப்படிக்கத் தெரியாத மலைக்கிராமத்துச் சிறுபெண்ணாக, முதற்பேற்றில் குழந்தையை இழந்து, இப்புண்ணுடன் 1960களின் தொடக்கத்தில் வந்து சேர்ந்தார். அவருக்கு முழுநலம் எளிதில் கிட்டவில்லை. அங்கேயே தங்கிப் படுக்கை விரித்தார், நோயாளிகளைக் கழுவினார், பின் அறுவைக்கூடத்தில் கருவிகளைப் பிடித்து உதவினார். அவர் கையின் நுட்பத்தைக் கண்ட ரெஜினால்ட் தைக்கக் கற்றுக்கொடுத்தார். நாளடைவில் மமிட்டு பிஸ்டுலா அறுவையில் தேர்ந்தவரானார். பட்டம்பெற்ற மருத்துவர்கள் பல நாடுகளிலிருந்து வந்து அவரிடம் பயின்றனர். 1989இல் இலண்டன் அறுவை மருத்துவர் அரசுக் கழகத்தின் தங்கப்பதக்கம் ஹேம்லின் தம்பதியரோடு அவருக்கும் வழங்கப்பட்டது. எழுத்தறிவை இரவு வகுப்பில் பின்னர்தான் பெற்றார்.

இதை முன்னேற்றக் கதையாக மட்டும் வாசிப்பது குறைவுபட்ட வாசிப்பு. இவ்வறுவையின் நவீன வரலாறு எங்கே தொடங்குகிறது என்பதோடு ஒப்பிடவேண்டும். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், மாண்ட்கமெரி நகரில், 1845 முதல் 1849 வரை மரியன் சிம்ஸ் என்னும் மருத்துவர் அடிமைப்பெண்கள் மீது இவ்வறுவையைச் செய்து பழகினார். அனார்க்கா, லூசி, பெட்சி என்னும் மூவரின் பெயர்கள் மட்டுமே எஞ்சியுள்ளன. மயக்கமருந்து இன்றி அனார்க்கா ஒருத்திக்கு மட்டும் ஏறக்குறைய 30 முறை அறுவை நடந்தது. அவர்களிடம் சம்மதம் கேட்கும் கடமை எசமானனிடம் கேட்பதோடு முடிந்தது. வெள்ளையரான உதவியாளர் விலகிச் சென்றபின், அப்பெண்களே ஒருவர் அறுவையில் மற்றவரைப் பிடித்துக்கொண்டு உதவினர். வெள்ளிக்கம்பித் தையலால் இறுதியில் வெற்றி கிட்டியது. சிம்ஸ் நியூயார்க்கில் பெண்கள் மருத்துவமனை நிறுவிப் புகழ்பெற்றார். அங்குள்ள சென்ட்ரல் பார்க்கில் நின்ற அவர் சிலையை 2018இல் அகற்றினர். அனார்க்காவும் அறுவைக்கு உதவினாள், மமிட்டுவும் உதவினார். அங்கே உதவியவள் அடிமையாகவே திரும்பினாள். இங்கே உதவியவர் கையில் கத்தி கொடுக்கப்பட்டது. ஹேம்லின் தம்பதியரின் பணியில் நற்செய்திக்குரியது யாது என்று எவரேனும் நம்மைக் கேட்பாராயின், அவர்கள் மூடிய ஆயிரக்கணக்கான ஓட்டைகளுக்கு முன்பாக இந்தக் கத்தி கைமாறியதையே சுட்டுவோம். அதே வேளையில், இன்று உலகெங்கும் குணமடையும் பெண்கள் ஒவ்வொருவரும் அனார்க்காவின் உடலுக்குக் கடன்பட்டவர் என்பதையும் சொல்லாமல் விட இயலாது. இரத்தம் சிந்தியவள் தானாக மனமுவந்து சிந்தவில்லை. ஆகவே இதனைப் பலி என்னும் சொல்லால் அழகுபடுத்தும் உரிமை நமக்கு இல்லை.

இன்னொரு குறையையும் கூறவேண்டும்; இது நூலைவிட வரலாற்றின் குறை. ஹேம்லின் தம்பதியர் 1959இல் வந்தது மருத்துவச்சிகளைப் பயிற்றுவிக்கும் பள்ளி அமைப்பதற்காக. வாசலில் வந்து நின்ற புண்பட்ட பெண்கள் அவர்கள் வாழ்க்கையைத் திருப்பிவிட்டனர். மருத்துவச்சிகளுக்கான கல்லூரியை அந்நிறுவனம் தொடங்கியது 2007இல். இடையே 48 ஆண்டுகள். கண்முன் கிடப்பவளைத் தாண்டிச் செல்லாதிருப்பதே நல்ல சமாரியன் உவமை கற்பிப்பது என்பர். உண்மைதான். ஆனால் எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போகும் அந்தச் சாலையில் காவல் வைப்பவர் யார் என்று உவமை கேட்கவில்லை என்பதற்காக நாமும் கேளாதிருக்கலாமா? பயிற்சி பெற்ற மருத்துவச்சி ஒருத்தி கிராமத்தில் இருந்து, பேறு தடைப்படுவதைச் சில மணி நேரத்திலேயே கண்டு, தாயை மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டால் பிஸ்டுலா ஏற்படாது. ஏற்படாத நோய்க்குப் புகைப்படம் இல்லை, நன்கொடையும் குறைவு. யாத்திராகமத்தின் முதல் அதிகாரம் பார்வோனின் பெயரை விட்டுவிட்டு, சிப்பிராள், பூவாள் என்று இரண்டு மருத்துவச்சிகளின் பெயரை எழுதிவைத்திருக்கிறது. அவர்களைப் பற்றிப் பிரசங்கம் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று என்று வாசகர் தமக்குள் எண்ணிப் பார்க்கட்டும்.

நம் நாட்டுக்கு இதில் என்ன தொடர்பு என்று வினவுவோர் உண்டு. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று கணவர்கள் வந்து, தம் மனைவியரின் பேற்றுக்கு உதவ இளம்பெண்ணான ஐடா ஸ்கடரை அழைத்ததையும், ஆண் மருத்துவரான அவர் தந்தையை ஏற்க மறுத்ததையும், காலையில் மூவரும் இறந்துபோனதையும் நாம் ஞாயிறுபள்ளி நாளிலிருந்தே கேட்டிருக்கிறோம். அவ்விரவின் பயனாக எழுந்த வேலூர் மருத்துவமனையில் நம்மில் பலர் சிகிச்சை பெற்றவர்கள். அக்கதையை நாம் ஐடா அம்மையாரின் அழைப்பின் கதையாகவே சொல்லுகிறோம். இறந்த மூவரின் பெயர் என்ன? கணவர்களின் சாதியும் சமயமும் நம் நினைவில் உள்ளன. பெண்களின் பெயர் இல்லை. அவர்கள் மரணம் இன்னொருவருடைய அழைப்புக்கு வழியாக மட்டும் ஆகிவிட்டது. ஹேம்லின் நூலை வாசிக்கையில் நம்மை உறுத்தியது இதுவே; மமிட்டு இல்லையெனில் இந்நூலும் அவ்வாறே ஆகியிருக்கும்.

இன்று தமிழ்நாட்டில் பேறுகளில் 99 சதவீதத்திற்கும் மேல் மருத்துவமனைகளில் நிகழ்கின்றன. தடைப்பட்ட பேற்றினால் வரும் பிஸ்டுலா இங்கு அரிதாயிற்று. அதற்காக இறைவனுக்கும் கிராமச் செவிலியருக்கும் நன்றி செலுத்துவோம். எனினும் கருப்பை இறக்கத்தாலும், பேற்றில் ஏற்பட்ட கிழிசலாலும், சிறுநீரை அடக்க இயலாமையாலும் ஆராதனையில் கடைசி வரிசையில், கதவோரம் அமரும் தாய்மார் நம் சபைகளில் இருக்கின்றனர். ஆயர் ஆணாக இருப்பதனால் அவர்கள் சொல்வதில்லை. ஆயரின் துணைவியாரிடம் சிலர் சொல்வதுண்டு. இவ்விடத்தில் பெண் ஆயர்களின் ஊழியம் எவ்வளவு பயன்தரும் என்பதை அத்திருப்பொழிவை இன்னும் தயங்கி நோக்குவோர் கருத்திற்கொள்ளலாம். ஆயர்பணி வகுப்புகளில் நோயுற்றோரைச் சந்திக்கும் முறை கற்பிக்கப்படுகிறது. இந்நோய்களின் பெயரேனும் அங்கு உச்சரிக்கப்படவேண்டும்.

இந்நூல் தமிழில் வருமாயின் பயன் மிகுதி. மொழிபெயர்ப்பவர் முதலில் இடர்ப்படப்போவது நோயின் பெயரில்தான். புரைவழி என்று கலைச்சொல் உண்டு. படித்தவர்க்கும் அது விளங்குவதரிது. பிஸ்டுலா என்றே எழுதி, என்னவென்று ஒரு பத்தியில் நாணமின்றி விளக்கிவிடுவது நன்று. நூலின் நடுவே மமிட்டு வரும் பகுதிகளைச் சுருக்காமல் விடவும் வேண்டுகிறோம்.